ஐந்து வருடக் கெடு முடிவதற்குள் ஃப்ளாட்டைச் சோதிப்பது: ஜனவரியிலா, மழையிலா?

11 ஆகஸ்ட் 2024 – மேடவாக்கம் வாசி

சாவி வாங்கியது 20 பிப்ரவரி 2020. ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள ப்ராஜெக்ட், அதன்படி குறைகளைச் சொல்ல உள்ள ஐந்து வருடக் கெடு 2025 பிப்ரவரியில் முடிகிறது. ஸ்டில்ட் ப்ளஸ் 5 (கீழே பார்க்கிங், மேலே ஐந்து மாடி), நாங்கள் மூன்றாவது மாடி. பொங்கல் முடிந்ததும் இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டு ஒரே நாளில் எல்லாம் பார்த்து, பட்டியலை பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பில்டர் ஆபீசில் கேட்டால் "அக்ரிமெண்ட்ல 12 மாசம்தான் போட்டிருக்கு, அது எப்பவோ முடிஞ்சது" என்கிறார்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவது: பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம், ஹாலில் நாலைந்து டைல்ஸ் தட்டினால் வெற்றுச் சத்தம், ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல். ஜனவரி போதுமா?

11 ஆகஸ்ட் – சிவில்காரர்

போதாது. ஜனவரியில் சென்னைச் சுவர் காய ஆரம்பித்திருக்கும். ஓதத்தை மழையில்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கெடுவுக்குள் வடகிழக்குப் பருவமழை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 15 வரை உள்ள இரண்டு மாதத்தில் முக்கியமான பார்வை முடிந்துவிட வேண்டும். டைல்ஸ், ஒயரிங், கதவு, ஜன்னல் எல்லாம் இப்போதே பார்க்கலாம், அவற்றுக்கு மழை தேவையில்லை.

11 ஆகஸ்ட் – வழக்குக்கட்டு

12 மாதக் கதையை நம்பாதீர்கள். ரேரா சட்டம் 2016, பிரிவு 14(3): கட்டமைப்புக் குறை மட்டுமல்ல, வேலைத்திறன், தரம், சேவை ஆகியவற்றில் உள்ள குறையும் அடங்கும். கையளித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. பிரிவு 89-இன்படி முரணான மற்ற சட்டங்களுக்கே இந்தச் சட்டம் மேல். பில்டர் டைப் அடித்த 12 மாதம் எந்த மூலைக்கு?

"கவனத்துக்குக் கொண்டுபோனால்" என்பதை இரண்டு முறை படியுங்கள். ஆய்வு செய்த தேதிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. கடிதம் பில்டர் கையில் போய்ச் சேர்ந்த தேதிக்குத்தான் மதிப்பு. ஜனவரி 28-இல் ஆய்வு, ரிப்போர்ட் வர மூன்று வாரம் என்றால் உங்கள் பிப்ரவரி 19 காலி.

12 ஆகஸ்ட் – சங்கச் செயலர்

ஐந்து வருடத்தைப் பத்திரப் பதிவு தேதியிலிருந்து எண்ண வேண்டும். பதிவு 2018 என்றால் கெடு போய்விட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்.

12 ஆகஸ்ட் – வழக்குக்கட்டு

இல்லை. சும்மா இருக்கும் மனுஷனைப் பயமுறுத்தாதீர்கள். நம் ஊரில் யுடிஎஸ் பங்குக்கு (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) முதலில் கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் என்று நெடுங்காலம் நடந்தது. அதனால் பத்திரம் 2018-இலும் சாவி 2020-இலும் இருக்கும். சட்டம் சொல்வது வீட்டைக் கையளித்த நாள். கைவசம் இருக்க வேண்டியது கையளிப்புக் கடிதம். அது கிடைக்கவில்லை என்றால் சாவி ரசீது, முதல் மாதப் பராமரிப்புப் பில், பில்டர் அனுப்பிய "வீடு தயார்" மின்னஞ்சல். இதில் எது முந்தைய தேதியோ அதை வைத்து எண்ணினால் உங்களுக்குச் சேதம் இல்லை.

12 ஆகஸ்ட் – சங்கச் செயலர்

சரி, என் தப்பு. மேலே எழுதியதை அழிக்கவில்லை, இன்னொருவர் இதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும்.

14 ஆகஸ்ட் – சிவில்காரர்

டைல்ஸ். ஐந்து ரூபாய் நாணயம் போதும், மரக்கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு டைலிலும் நாலு மூலை, நடு என்று ஐந்து இடம் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அறை முழுக்க முடிந்த பிறகு மேலிருந்து ஒரு போட்டோ. நடுவில் உள்ளங்கை அளவு வெற்றாக இருந்தால் தொல்லை குறைவு. மூலை வெற்றாக இருந்தால் கட்டில் கால் பட்டதும் உடையும்.

காரணம் பெரும்பாலும் கலவையை முழுப் பரப்பில் பரப்பாமல் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியது. விட்ரிஃபைடு டைல் தண்ணீர் குடிக்காது, வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகில் பிடிக்காது. டைல் பசை போட்டிருக்க வேண்டும். இன்னொரு காரணம், சுவரோரம் ஸ்கர்ட்டிங் அடியில் இடைவெளியே விடாமல் இறுக்கி முடித்தது. விரிய இடமில்லாத தரை ஒருநாள் மத்தியானம் கூடாரம் போல நடுவில் எழும்பும்.

கடிதத்தில் ஒரு வரி மறக்காதீர்கள்: அந்த மாடல் கம்பெனியில் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் வெள்ளைத் தரையில் சந்தன நிறத்தில் நாலு டைல் வந்து உட்காரும்.

17 ஆகஸ்ட் – மேடவாக்கம் வாசி

மொத்தம் 23 டைல் வட்டமிட்டாயிற்று. ஹால் அம்மன் கோயில் கோலம் மாதிரி இருக்கிறது. ஒயரிங் எப்படிப் பார்ப்பது? ஆர்சிசிபியில் (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டக்கென்று விழுந்தது. அது போதும்தானே?

17 ஆகஸ்ட் – ஒயரிங் ஆள்

போதாது. அந்தப் பட்டன் ஆர்சிசிபியின் உள்வேலை சரியா என்று மட்டும் சொல்லும். உங்கள் வீட்டு எர்த் ஒயர் எங்கேயாவது அறுந்து கிடந்தாலும் பட்டனை அமுக்கினால் விழத்தான் செய்யும்.

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து இதையெல்லாம் பாருங்கள். நீங்களே கழற்ற வேண்டாம்.

ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் அளவு. நேராக நின்று பார்க்கும்போது எர்த் ஓட்டை மேலே, ஃபேஸ் வலது, நியூட்ரல் இடது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் சரி. இருபது முப்பது காட்டினால் எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் எர்த்தே வந்து சேரவில்லை.

மெயினை அணைத்து, எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாக. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் ஒயரின் இன்சுலேஷனில் ஈரமோ காயமோ இருக்கிறது. ஓதம் பிடித்த சுவரில் ஓடும் லைனை முதலில் பாருங்கள், இரண்டு குறையும் ஒரே காரணமாக இருக்கலாம்.

டிபி பாக்ஸை (வீட்டு மின் சுவிட்சுகள் சேரும் பெட்டி) திறந்து ஒயர் கனம். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அக்ரிமெண்ட்டின் பின்னிணைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு ஒப்பிடுங்கள், அதுதான் பிடிமானம். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரா என்று பாருங்கள். 100 என்று இருந்தால் அது ஆளைக் காப்பாற்றும் அளவு இல்லை.

18 ஆகஸ்ட் – ஒயரிங் ஆள்

நேற்று விட்டுப்போனது. ஏசி, கீசர் இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு டிபியைப் பாருங்கள். தெர்மல் கேமரா கொண்டுவரும் ஆட்கள் சுவரைப் படம் பிடித்துக் காசு வாங்குகிறார்கள். அந்தக் கேமராவுக்கு உருப்படியான வேலை டிபிக்குள்தான். தளர்ந்த ஸ்குரூ சிவப்பாகத் தெரியும்.

19 ஆகஸ்ட் – சிவில்காரர்

சுவருக்கும் பயன் உண்டு, ஆனால் கேமராவுக்கு ஈரம் தெரியாது, சூடு குளிர்ச்சிதான் தெரியும். ஏசி காற்று படும் சுவரும் நீலமாக வரும். அதனால் கேமரா காட்டிய இடத்தில் ஈரமானி வைத்துக் குத்திப் பார்த்து, அதே சுவரின் காய்ந்த பகுதியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஊசி முனை கொண்ட ஈரமானி பெரும்பாலும் மரத்துக்காகச் செய்தது, சிமெண்டில் அதன் எண் தனியாக எதையும் சொல்லாது. இரண்டு எண்ணின் வித்தியாசம்தான் பேசும்.

25 ஆகஸ்ட் – சிவில்காரர்

பாத்ரூம் ஓதம். இதைப் பொறுமையாகச் செய்யாவிட்டால் பில்டர் ஆள் வந்து டைல் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் வரும் வழி மூன்று: அழுத்தத்தில் இருக்கும் குழாய், கழிவுக் குழாய், தரை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் நனைத்தால் எதுவும் தெரியாது.

முதலில் குழாய். இரவு எல்லாத் திருகையும் மூடி, ஃப்ளாட் மீட்டர் இருந்தால் எண்ணைக் குறித்து, காலையில் பாருங்கள். ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூட மறக்காதீர்கள், அதன் ஒழுகலே பலரை ஏமாற்றும். மீட்டர் நகர்ந்தால் சுவருக்குள் சிபிவிசி (பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்) இணைப்பு ஒழுகுகிறது.

அடுத்து தரை. பாலித்தீனில் துணி சுற்றி தரை ட்ராப்பை (தண்ணீர் வடியும் வாய்) அடையுங்கள். வாசலில் சிமெண்ட் வரப்பு. 25 மில்லிமீட்டர் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு. 24 மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் அங்கே ஷவர் கூடாது. கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் பாத்ரூம் சீலிங்கை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள்.

மூன்றாவது கழிவு. தரை காய்ந்த பிறகு, பக்கெட்டை நேராக ட்ராப்புக்குள் ஊற்றுங்கள், தரையில் சிந்தாமல். பத்துப் பதினைந்து பக்கெட். கீழே நனைந்தால் ட்ராப் கழுத்தும் குழாயும் சேரும் இடம்.

27 ஆகஸ்ட் – சிவில்காரர்

மேலே 24 மணி நேரம் என்று எழுதியதைத் திருத்துகிறேன். சங்கன் ஸ்லாப் (பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) என்றால் போதாது. டைலுக்கும் சிலாப்புக்கும் நடுவே செங்கல் துண்டோ சிண்டரோ நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் அதில் ஊறி நிறைந்த பிறகுதான் கீழே வரும். 48 மணி, முடிந்தால் 72. இன்னொன்று: கோடு இறங்கியதைப் பார்த்து "ஒழுகுது" என்று முடிவுகட்ட வேண்டாம், ஆவியாவதும் உண்டு. அதே பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். டப்பில் 2 மில்லிமீட்டர் இறங்கி, தரையில் 9 இறங்கினால் 7 எங்கேயோ போயிருக்கிறது. பில்டரின் இன்ஜினியர் இந்த டப்பைப் பார்த்தால் வாதம் செய்ய மாட்டார்.

1 செப்டம்பர் – மேடவாக்கம் வாசி

குழாய் சரி. தரை டெஸ்ட்டில் டப் 3, தரை 5, வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். கீழ்வீட்டு சீலிங் காய்ந்தே இருக்கிறது. ட்ராப்பில் 12 பக்கெட் ஊற்றியும் ஒன்றுமில்லை. ஆனால் படுக்கையறைச் சுவர் ஓதம் அப்படியே.

1 செப்டம்பர் – சிவில்காரர்

ஓதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? அந்தப் பாத்ரூமின் ஷவர் அதே சுவரிலா?

1 செப்டம்பர் – மேடவாக்கம் வாசி

ஒன்றரை அடியிலிருந்து நாலடி வரை. ஷவர் அதே சுவர்தான்.

2 செப்டம்பர் – சிவில்காரர்

அப்படியென்றால் நான் சொல்லாமல் விட்ட நாலாவது வழி: சுவர் டைல். ஷவரைச் சுவரில் மட்டும் படும்படி அரை மணி நேரம் திறந்து, ட்ராப் திறந்தே இருக்க, மறுபக்கம் ஈரமானி எண்ணை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குறியுங்கள். தரைக்கு மட்டும் வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, சுவரில் ஒரு அடி ஏற்றி நிறுத்திவிட்டு, ஷவர் சுவரை மேல்வரை பூசாமல் விடுவது சர்வசாதாரணம். டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்குத் திருப்பும் குமிழ்) மூடித்தட்டைச் சுற்றியுள்ள ஓட்டையையும் பாருங்கள், அதன் பின்னால் பூச்சே இருக்காது.

8 செப்டம்பர் – மேடவாக்கம் வாசி

ஷவருக்கு முன் 14, பன்னிரண்டு மணி நேரம் கழித்து 31. காய்ந்த பகுதி 13-லேயே நிற்கிறது. மூடித்தட்டைக் கழற்றினால் உள்ளே பல்லி குடும்பம்.

9 செப்டம்பர் – வழக்குக்கட்டு

பல்லிக்குப் பிரிவு 14(3)-இல் இடமில்லை. அந்த எண்களைத் தேதி, நேரத்தோடு அப்படியே கடிதத்தில் போடுங்கள்.

22 செப்டம்பர் – சிவில்காரர்

விரிசல். அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, எங்கே, எந்தத் திசையில் என்பதுதான் முக்கியம்.

பீமுக்கு அடியில் நெடுக்காகப் படுத்திருக்கும் கோடு: சுவர் வேறு, காங்கிரீட் வேறு, இரண்டும் சேரும் இடத்தில் கோழி வலை வைக்காமல் பூசியது. ஆபத்தில்லை, ஆனால் வெளிச்சுவரில் மழை உள்ளே வரும் வழி. சுவிட்ச் போர்டுக்கு மேலே நேர்க்கோடு: காடி வெட்டிப் பைப் பதித்து அரைகுறையாக அடைத்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக: மூலையில் இழுவிசை சேர்வதாலும் லிண்டல் (ஜன்னலுக்கு மேல் உள்ள உத்தரம்) போதிய நீளம் சுவருக்குள் போகாததாலும் வருவது. பென்சிலால் இரண்டு நுனியையும் குறித்துத் தேதி போடுங்கள். மூன்று மாதத்தில் நுனி தாண்டினால் உயிருள்ள விரிசல்.

பயப்பட வேண்டியவை இரண்டு. தூணின் விளிம்பை ஒட்டிக் கம்பி ஓடும் வாக்கில் நேர்க்கோடு, பக்கத்தில் துருக்கறை. அது உள்ளே கம்பி வீங்குவது. இரண்டாவது, வெளியே நீண்ட பால்கனி சிலாப்பின் மேல்முகத்தில், சுவரை ஒட்டி நீளமான விரிசல். பால்கனிக்குப் பளு தாங்கும் கம்பி மேலேதான் இருக்கும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே அமுக்கிவிடுவார்கள். டைல் மூடியிருந்தால் விரிசல் தெரியாது. கைப்பிடிச் சுவர் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில், மேலே அகலமாகவும் கீழே குறுகியும் வாய் பிளந்திருந்தால் உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

23 செப்டம்பர் – சங்கச் செயலர்

இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி காங்கிரீட் வலிமைக்குச் சுத்தியல் டெஸ்ட் செய்து "எம் 30 வருது, சூப்பர்" என்று எழுதித் தந்தால் நம்பலாமா?

23 செப்டம்பர் – சிவில்காரர்

அந்தச் சுத்தியல், அதாவது ரீபவுண்ட் ஹாம்மர், மேல்தோலைத்தான் பார்க்கும். வருடம் போகப்போகக் காற்றிலுள்ள கரியமில வாயு தோலை இறுக்கும், எண் கூடுதலாகக் காட்டும். ஐந்து வருடக் கட்டடத்தில் அந்த எண் கொஞ்சம் பூசி மெழுகியதுதான். துரு அடையாளம் இருக்கும் இடத்தில் காங்கிரீட்டைச் சிறிது உடைத்து பினாஃப்தலீன் தெளித்தால், ரோஸ் நிறம் வந்தால் காரத்தன்மை இருக்கிறது, நிறம் வராத ஆழம் வரை போய்விட்டது. அந்த ஆழத்தைக் கவர் (கம்பிக்கு மேல் உள்ள காங்கிரீட்) ஆழத்தோடு ஒப்பிடுங்கள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-இன்படி கடற்கரைச் சூழலுக்கு நேராகத் திறந்திருக்கும் இடத்தில் கவர் 45 மில்லிமீட்டர்.

கூடவே குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு). கம்பி உள்ள காங்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோதான் உச்சம். குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடியின் தளங்கள் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஐஐடி டெல்லி பார்த்தபோது காங்கிரீட்டில் குளோரைடு இருந்ததுதான் வெளிவந்தது. வெளியே பளபளப்பான கட்டடம். எல்லோருக்கும் இந்த டெஸ்ட் வேண்டாம், துருக்கறை இருந்தால் மட்டும்.

24 செப்டம்பர் – சிவில்காரர்

மேலே தப்பு: பினாஃப்தலீன் அல்ல, ஃபீனால்ஃப்தலீன். கடையில் நான் எழுதியபடி கேட்டால் பாச்சா உருண்டை கொடுத்துவிடுவார்கள்.

16 அக்டோபர் – மேடவாக்கம் வாசி

மழை வந்தாயிற்று. வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து பாலத்து மேல் காரை நிறுத்தியாயிற்று. நான் டார்ச்சோடு சுவர் பார்க்கிறேன். ஹால் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிகிறது.

16 அக்டோபர் – சிவில்காரர்

யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னலா? சட்டத்தின் வெளிப்பக்கம் அடியில் சிறு நீள ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் வடிய. பெயின்டரோ சிலிக்கான் அடித்தவரோ அதை அடைத்திருப்பார். தீக்குச்சியால் குத்திப் பாருங்கள். அதன் பிறகும் வந்தால் வெளித் திண்டின் சரிவு உள்நோக்கி இருக்கிறது, ரசமட்டம் வைத்து போட்டோ எடுங்கள். அது பில்டர் தலையில்.

17 அக்டோபர் – மேடவாக்கம் வாசி

தீக்குச்சியால் குத்தியதும் சரியாகிவிட்டது. ஐந்து வருடமாகத் துணி வைத்துக்கொண்டிருந்தோம்.

20 அக்டோபர் – சங்கச் செயலர்

பொது இடங்களை யாரும் பேசவில்லை. மொட்டைமாடியில் மழை விட்டு ஒரு நாள் கழித்தும் குளம் நின்றால் சாக்பீஸ் போட்டு போட்டோ. கார் பார்க்கிங் சீலிங்கில் உப்பு பூத்த கோடு, இரண்டு பிளாக்குக்கு நடுவே எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், சம்ப்புக்குள் நிலத்தடி நீர் ஊறுவது, ஷாஃப்டில் கிளாம்ப் இல்லாமல் தொங்கும் பைப், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு). லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் வாரண்டி தனி, காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

20 அக்டோபர் – வழக்குக்கட்டு

சங்கத்துக்குப் பொது இடம் ஒப்படைத்த தேதி வேறு, உங்கள் சாவித் தேதி வேறு. சட்டத்தில் இருக்கும் சொல் ஒதுக்கீடு பெற்றவர், அதாவது வீடு வாங்கியவர். அதனால் சங்கக் கடிதத்தோடு, பொது இடக் குறைகளை வீட்டுக்காரர்களும் தங்கள் கடிதத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்துக் கையெழுத்திடுவது பாதுகாப்பு. எட்டு வீட்டுக்கு மிகாத, அல்லது 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் கட்டியதற்கு ரேரா பதிவே தேவைப்பட்டிருக்காது. அப்படிப்பட்டவர்கள் நுகர்வோர் ஆணையம் பக்கம் போகலாம், அங்கே கெடு பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு.

1 டிசம்பர் – மேடவாக்கம் வாசி

ஃபெஞ்சல் புயல் இலவசமாக டெஸ்ட் செய்துவிட்டது. வடக்குச் சுவரில் பீமுக்கு அடியில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஈரம். ஈரமானி 38. கம்பெனி ஆள் செவ்வாய் வருகிறார். ரிப்போர்ட் 80 பக்கம் வரும் என்றார்.

1 டிசம்பர் – சிவில்காரர்

80 பக்கத்தில் 60 பக்கம் பெயின்ட் புள்ளி. அதற்குள் உங்கள் சுவர் ஈரம் புதைந்துபோகும். ரிப்போர்ட்டைப் பின்னிணைப்பாக வைத்து, முன்னால் நீங்களே இரண்டு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதலில் உயிருக்கு ஆபத்தானவை, அடுத்து தண்ணீர் சம்பந்தப்பட்டவை, கடைசியாகப் பூச்சு, டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் எந்த அறை, எந்தச் சுவர், அளவு, போட்டோ எண், பார்த்த தேதி. "தரம் சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் பதிலும் மொட்டையாக வரும். கம்பெனியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து? பதிவு பெற்ற இன்ஜினியர் இல்லையென்றால் அது போட்டோ ஆல்பம்.

2 டிசம்பர் – வழக்குக்கட்டு

சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபால், அதே நாளில் மின்னஞ்சல். முகவரி அக்ரிமெண்ட்டில் உள்ளதும், ரேரா தளத்தில் உள்ளதும், இரண்டுக்கும். வாட்ஸாப் குழுவில் போட்டது கடிதம் ஆகாது. இன்டீரியர் வேலை செய்தவர்கள், சுவரில் துளையிட்ட இடத்தையும் ஓத இடத்தையும் ஒரே படத்தில் காட்டுங்கள். "நீங்கள் ஆணி அடித்ததால்தான்" என்ற பதில் நிச்சயம் வரும்.

11 ஜனவரி 2025 – மேடவாக்கம் வாசி

கடிதம் டிசம்பர் 9 சேர்ந்தது. நேற்று இரண்டு பேர் வந்தார்கள். டைல் மாற்றுகிறோம், சுவருக்குப் புட்டி அடித்துப் பெயின்ட் அடிக்கிறோம், இந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். "அனைத்துக் குறைகளும் முழுத் திருப்தியுடன் சரிசெய்யப்பட்டன" என்று இருக்கிறது.

11 ஜனவரி – வழக்குக்கட்டு

போடாதீர்கள். வேலை வாரியாக, தேதி போட்டு, "இந்த வேலை இன்று செய்யப்பட்டது, பலன் அடுத்த மழையில் பார்க்கப்படும்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டது. சரிசெய்ய உத்தரவு வேண்டுமானால் படிவம் எம் (M) ரேரா ஆணையத்துக்கு, இழப்பீடு வேண்டுமானால் படிவம் என் (N) தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு. "என்" என்பதைப் பார்த்து "எனது படிவமா" என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.

12 ஜனவரி – சிவில்காரர்

புட்டியை மறுத்துவிடுங்கள். ஈரம் வெளியிலிருந்து வரும்போது உள்ளே புட்டி அடித்தால் ஆறு மாதம் மறையும், உங்கள் கெடு முடிந்த பிறகு உரியும். வரிசை இது: வெளிப்பக்கம் சாரம் கட்டி, பீம் இணைப்பில் பூச்சை இரு பக்கமும் 150 மில்லிமீட்டர் வெட்டி எடுத்து, வலை அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டி, பிறகு வெளிப்புற வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். ஷவர் சுவருக்கு டைலைப் பெயர்த்து, தரையிலிருந்து ஷவர் தலைக்கு மேல்வரை பூச்சு. உள்பக்கப் பூச்சைச் சுரண்டிக் காயவிட்டு, ஈரமானி 15-க்குக் கீழே வந்த பிறகே புட்டி. வடக்குச் சுவரில் ஒரு சதுர அடியை மட்டும் பெயின்ட் அடிக்காமல் அக்டோபர் வரை விட்டு வையுங்கள். விருந்தாளி கேட்டால் டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.